முள் ஒன்றில் நிற்கிறது

மார்ச் 3, திங்கள்

பொறியியல் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போன வாரம் சுத்தியலால் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தபோதே அவர் முகம் சரியில்லை. வாகைக்கரை பேரூராட்சிக்கு இருப்பது ஒரே மேல்நிலைத் தொட்டி. ஆறு கால்களில் நிற்கிறது, என்னைவிட நாலு வயது மூத்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, மேல் காரையைத் தள்ளிக்கொண்டு வருகிறதாம். நாலு மீட்டர் தண்ணீர் நிற்கிற தொட்டியில் இனி ஒரு மீட்டர்தான் நிற்கலாம். புதுத் தொட்டி கட்டி முடிக்கும்வரை அதற்கு மேல் ஒரு சாண்கூடக் கூடாது என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார்.

விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டச் சொன்னார். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் செயல் அலுவலர் இ.ஓ. அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "நீங்களே பாத்துக்கிடுங்க மேடம்" என்றார். இந்த ஆபீஸில் எந்த வேலை யாருடையது என்று தெரியவில்லையோ, அது ஓவர்சியருடையது. ஓவர்சியர் நான்.

இதுவரை ரோடும் சாக்கடையும் பார்த்தவள். தண்ணீர்த் தொட்டி இதுதான் முதல். அதனால் என்ன, ஒழுங்காகச் செய்தால் எல்லா வேலையும் ஒன்றுதான்.

மார்ச் 5, புதன்

தொட்டியின் கீழே தேய்ப்பு வண்டி போட்டிருக்கும் இசக்கியம்மாளை இடம் மாறச் சொன்னேன். என் சேலைகளும் அவளிடம்தான் தேய்க்கப் போகின்றன. இந்த ஊரில் பருத்திச் சேலையைப் பருத்திச் சேலையாகத் தேய்த்துத் தருகிற ஒரே ஆள்.

"இருவது வருசமா இந்த நெழல்ல நிக்கேன் தாயி. இன்னைக்கா விழப் போவுது?"

"விழாதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல."

"சரி, நீங்க சொன்னாப் போறேன். அங்ஙன ரேசன் கடைச் செவுத்துல மத்தியானம் வெயிலு மொகத்துல அடிக்கும். பெட்டில கங்கு, மேல வெயிலு. நடுவுல நானு."

முனகிக்கொண்டேதான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆனால் போனாள். சொன்னால் கேட்கிற ஜனம் இருந்தால் எந்த ஆபத்தையும் சமாளிக்கலாம்.

மார்ச் 8, சனி

எதிர்பார்த்ததுதான். மேட்டுத்தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் ஏறவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு பஸ்ஸை மறித்துவிட்டார்கள். இ.ஓ. இன்றைக்குப் பார்த்து லீவு. நான் போய் நடுரோட்டில் நின்று தொட்டியின் நிலைமையைச் சொன்னேன். ஒரு பெண், "டேங்கு எப்ப விழும்னு தெரியாது மேடம், தாகம் இன்னைக்கே எடுக்கு" என்று சொல்லி அழுதாள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், அதுவும் உறுத்தலாகத்தான் இருந்தது.

தொட்டி ஆபரேட்டர் மாசானமும் மேட்டுத்தெருக்காரர். அவரை விசாரித்தேன். அளவுப் பலகையில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டதாம், கொஞ்ச நேரம் தண்ணீரை ஏற்றிவிட்டு ஒரு குத்துமதிப்பாக அடைத்துவிடுகிறாராம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் குத்துமதிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பலகைக்குப் புதிதாக எண் எழுத ஏற்பாடு செய்துவிட்டேன். தெருத்தெருவாக வால்வைத் திறந்து மூடும் முறையையும் நானே உட்கார்ந்து மாற்றிப் போட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வரி வசூல் கூட்டத்தில் இருந்தபோது பெயிண்டர் நயினார் போன் செய்தார். தொட்டியில் தொங்கிக்கொண்டே பேசுகிறார்.

"மேடம், எந்தப் பக்கம் சைபர் போட?"

"கீழ சைபர், மேல நாலு. இதுல என்ன சந்தேகம்?"

"இல்ல, பழைய நம்பரு தலகீழா இருக்க மாதிரி லேசாத் தெரியுது. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு."

"அழிஞ்ச எழுத்து எப்படி வேணா தெரியும். ஸ்கேல் பாத்திருக்கீங்கல்ல? அது மாதிரி எழுதுங்க."

இதைக்கூடவா கேட்பார்கள்.

மாலையில் போய்ப் பார்த்தேன். மோட்டார் ரூம் பக்கச் சுவரில் மஞ்சள் பலகையில் கறுப்பு எண்கள், பார்க்கவே தெளிவாக இருந்தன. தொட்டிக்குள் ஒரு மிதவை, வெளியே ஒரு இரும்பு முள், இரண்டையும் இணைத்து மேலே கப்பியில் ஒரு கயிறு. எளிமையான ஏற்பாடு. முள்ளுக்கும் சிவப்பு அடிக்கச் சொல்லிக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். மாசானத்திடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "காலையில நான் வர்றப்ப முள் ஒண்ணுல நிக்கணும்." அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணுலயா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

காலை ஆறு மணிக்கு முள் ஒன்றில், அளந்து வைத்ததுபோல. செல்போனில் படம் எடுத்து இ.ஓ.வுக்கு அனுப்பினேன். இனி தினமும் இப்படித்தான்.

மேட்டுத்தெருவுக்கு நேற்றிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. வால்வு முறையை மாற்றியதன் பலன். யாரும் பாராட்டப் போவதில்லை, அதனால் நானே இங்கே பாராட்டிக்கொள்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

மேட்டுத்தெருப் பெண்கள் நாலு பேர் ஆபீஸுக்கு வந்தார்கள். குடத்தோடு இல்லை, ஒரு ஓலைக் கொட்டான் கருப்பட்டியோடு. பஸ் மறியலில் அழுத அதே பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எங்களுக்குச் செஞ்சத நாங்க வெளிய மூச்சு விட மாட்டோம் மேடம்."

முறை வைத்துத் தண்ணீர் விட்டதில் மறைக்க என்ன இருக்கிறது? கேட்டிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளிடம் குறுக்கு விசாரணை செய்ய மனம் வரவில்லை. கருப்பட்டி நல்ல கருப்பட்டி.

ஏப்ரல் 2, புதன்

மூன்றாம் தூணின் கண்ணாடி உடைந்திருக்கிறது. மத்தியில் குறுக்காக, சுத்தமான ஒரு கோடு.

மாசானம், "விரிசல் நவுந்துட்டு போல மேடம்" என்றார். நகர வழியே இல்லை. கால் பங்குத் தண்ணீர்தான் இருக்கிறது, முள்ளே சொல்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்கள் கல்லெறிவதை நானே பார்த்திருக்கிறேன். புதுக் கண்ணாடி ஒட்டச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர், என் வீட்டுக்காரர், மதுரையிலிருந்து வருகிறார். மாவு அரைக்க வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

மறுபடியும் மூன்றாம் தூண். கூடவே மேலே தொட்டியைச் சுற்றி ஓடும் சுற்றுத் திட்டின் அடியில் ஒட்டியிருந்ததும். அவ்வளவு உயரத்துக்குக் கல் போகுமா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். வெயில் இந்த வருடம் அதிகம். சிமெண்ட் ஒரு பக்கம் விரிய, கண்ணாடி ஒரு பக்கம் இழுக்க, உடையத்தான் செய்யும். பேராசிரியருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடிக்க நினைத்து, வேலையில் மறந்துபோனேன்.

முள் ஒன்றில்.

ஏப்ரல் 17, வியாழன்

சித்திரை பிறந்து மூன்று நாள்தான், அதற்குள் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. இசக்கியம்மாள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். உதடு வெடித்து, முகம் கரிந்துபோயிருந்தது. நேற்று வண்டியருகே மயங்கி விழுந்ததாக ரேஷன் கடைக்காரர் சொன்னார்.

"தாயி, டேங்குல தண்ணி கால்தான நிக்கி? நீங்களே சொல்லுதீய. அந்தக் கால் தண்ணிக்கா இடிஞ்சிரும்?"

"கால்தான். ஆனா..."

"கல்யாண மாசம். துணி மலையாக் குமிஞ்சு கெடக்கு. வெயிலு தாழுத மட்டும் அங்ஙன நின்னுக்கிடுதேன்."

யோசித்தேன். ஒரு மீட்டர் பத்திரம் என்று பேராசிரியரே எழுதியிருக்கிறார். ஒரு நாள் தவறாமல் ஒரு மீட்டரில்தான் நிறுத்தியிருக்கிறேன். வெயிலில் ஒருத்தியைச் சாகவிட்டுவிட்டு விதியைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன புத்திசாலித்தனம்? சரி என்றேன். அவள் சிரித்ததில் உதட்டில் ரத்தம் கசிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மாலையில் வீட்டுக்கு வந்து என் சேலை இரண்டைத் தேய்க்க வாங்கிப் போனாள்.

ஏப்ரல் 24, வியாழன்

முள் ஒன்றில். கண்ணாடி கடையில் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வருமாம்.

மே 2, வெள்ளி

இசக்கியம்மாள் இறந்துவிட்டாள்.

கல்யாண வீட்டுத் துணிக்காக விடியும் முன்பே வந்து கங்கு மூட்டியிருக்கிறாள். தொட்டியின் சுற்றுத் திட்டிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து விழுந்திருக்கிறது. நான் வழக்கம்போல் படம் எடுக்கப் போனபோது மாசானம் தெருவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி இரண்டாக உடைந்து கிடந்தது. கங்கு சிதறி, வெள்ளை வேட்டி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. யாரோ அதை மிதித்து அணைத்தார்கள். அவளை மூட வேறு துணி தேட வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் ரூம் பக்கம் போய் முள்ளைப் பார்த்தேன். ஒன்றில்தான் நின்றது. அந்த நேரத்திலும் படம் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

மே 3, சனி

சுடுகாடுவரை பெண்கள் போவதில்லை. தெருமுனையில் நின்றேன். அவள் மகள் செல்லக்கனி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான்தான் அவளை அங்கே நிற்கவிட்டேன். கால் பங்குத் தண்ணீருக்கே இப்படி என்றால், பேராசிரியரின் கணக்கு தப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

தொட்டியை அடியோடு காலி செய்து வைக்க உத்தரவு. ஊருக்கு லாரித் தண்ணீர். நேற்றே காலி செய்துவிட்டதாக மாசானம் சொன்னார். மத்தியானம் சரிபார்க்கப் போனேன். முள்ளை மாட்டிய பிறகு அளவுப் பலகைப் பக்கம் காலையில் தவிர நான் போனதே இல்லை.

முள் உச்சியில், நான்கில் நின்றது.

ஒரு உயிர் போன இடத்தில் தொட்டியை விளிம்புவரை நிரப்பி வைத்திருக்கிறாரே என்று நேரே அவரிடம் போனேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மாசானம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேடம், அது காலி" என்றார்.

"நாலுல நிக்குது, காலிங்கிறீங்க?"

அவர் தொட்டியின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தார். கொஞ்சம் துருத்தூள் உதிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கிணற்றுக் கப்பியில் இரண்டு பக்கமும் வாளி கட்டியிருந்தால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் ஏறினால் உள்ளே மிதவை ஏறும், வெளியே முள் இறங்கும். முள் உச்சியில் நின்றால் தொட்டி காலி. அடியில் நின்றால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் பழைய எண்கள் தலைகீழாக இருந்தன. நான் ஸ்கேல் மாதிரி எழுதச் சொன்னேன். ஒன்றில் நிற்கிற முள்ளுக்குப் பின்னால் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றிருக்கிறது. தினமும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் மேடம். பெயிண்ட் அடிச்சதுமே தெரியும். ரோட்டுல பொம்பளைக அழுததப் பாத்து நீங்க மனசு எறங்கிட்டீய, வெளிய தெரியாம நம்பர மாத்தி எழுதி முக்கால் விடச் சொல்லுதீயன்னு நெனச்சேன். எங்க தெருவே உங்கள அப்படித்தான் கும்பிடுது."

"இசக்கியம்மா அதுக்குக் கீழ நின்னாங்களே."

"நீங்கதான வரச் சொன்னீய. எல்லாம் தெரிஞ்ச மேடமே சொல்லுதாவன்னா பயமில்லன்னு இருந்துட்டேன்." குழாயை அடைத்துவிட்டுச் சொன்னார்: "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எங்களுக்காகத்தான செஞ்சீய."

அவருக்காக நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மே 7, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது.

மே 9, வெள்ளி

இவரிடம் போனில் சொன்னேன். "யாருக்குத் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டார். மாசானத்துக்கு என்றேன். "அவன் பேச மாட்டான்ல? வாய மூடிட்டு இரு. ரெண்டு மாசத்துல மாறுதல் வாங்கிக்கலாம்." பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

மே 12, திங்கள்

மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். தினசரிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் முள் ஒன்றில். எல்லாவற்றிலும் ஒரே வெளிச்சம்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் செஞ்சு நான் பாத்ததில்லம்மா. கட்டடம் பழசு, உங்க கையில என்ன இருக்கு?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். மாசானம் கதவோரம் தரையைப் பார்த்து நின்றார். இ.ஓ. எல்லோருக்கும் டீ சொன்னார். நானும் குடித்தேன்.

மே 13, செவ்வாய்

செல்லக்கனி வீட்டுக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள், விரல் நுனியெல்லாம் மஞ்சள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினாள். என் சேலைகள்.

"அம்மா மொத நாளே தேச்சு வீட்டுல வச்சிருந்தா. மேடம் சேலைய வண்டில வச்சாக் கரி பட்டுரும்னு."

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "வெயிலுல கெடந்தவளுக்கு எடம் குடுத்தீய. அம்மா உங்கள நெதமும் சொல்லுவா" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பார்த்தபோது அழுகை நின்றுவிட்டது. எனக்காகத்தான்.

மே 20, செவ்வாய்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாவட்டத்தில் பழைய மேல்நிலைத் தொட்டிகள் எல்லாவற்றிலும் அளவுப் பலகை புதிதாக எழுதப்பட வேண்டும். கீழே பூஜ்யம், மேலே முழு அளவு. தினமும் படம் எடுக்க வேண்டும். 'வாகைக்கரை பேரூராட்சியில் சிறப்பாகப் பின்பற்றப்பட்ட முறையில்' என்று போட்டிருக்கிறது. இ.ஓ. கைகொடுத்தார்.

தண்ணீரைக் குறைக்கச் சொன்ன தொட்டிகள் இன்னும் எத்தனை ஊரில் இருக்கின்றன? முள் தலைகீழாக ஓடும் என்று தெரியாத புது ஆபரேட்டர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் கீழும் நிழல் இருக்கும், நிழல் இருந்தால் ஆள் இருக்கும்.

மே 21, புதன்

நயினார் போன் செய்தார். சந்தோஷத்தில் குரல் துள்ளியது. "உங்க பேரச் சொல்லித்தான் மேடம் மொத்த வேலையும் எனக்குக் கெடச்சுது. நாளைக்குச் செம்மண்விளையில ஆரம்பிக்கேன்."

வாழ்த்துகள் என்றேன். அந்தச் சொல்லைச் சொன்ன வாயை என்ன செய்வது.

மே 22, வியாழன்

லீவு எழுதிக் கொடுக்காமல் பஸ் ஏறிச் செம்மண்விளைக்குப் போனேன். தொட்டி சந்தைக்கு நடுவில் நிற்கிறது. கீழே வெங்காயம் விற்கிறார்கள். நயினார் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு, கீழே சைபர் போட்டு முடித்து ஒன்றுக்கு வந்திருந்தார். நான் கூப்பிட்டது சந்தை இரைச்சலில் கேட்கவில்லை. கத்தினேன்.

"சைபர் மேல வரணும் நயினார். அழிச்சிருங்க."

"ஆர்டர்ல கீழன்னுல்லா இருக்கு மேடம். மாத்துனா யார் சொன்னான்னு கேப்பாவளே."

வெங்காயக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மோட்டார் ரூமிலிருந்து அந்த ஊர் ஆபரேட்டரும் வந்துவிட்டார்.

"வாகைக்கரை ஓவர்சியர் சொன்னதாச் சொல்லுங்க. அங்க தப்பா எழுதச் சொன்னதும் நாந்தான். அதனாலதான் தொட்டியில தண்ணி முக்காலுக்கு நின்னுச்சு. அதுல ஒரு பொம்பள செத்துட்டாங்க."

நயினார் இறங்கி வந்தார். பிரஷ்ஷிலிருந்து பெயிண்ட் அவர் காலில் சொட்டியது, கவனிக்கவில்லை.

"அன்னைக்கு நான் கேட்டேனே மேடம்."

"ஆமா. கேட்டீங்க."

அங்கிருந்தே பெரிய அதிகாரிக்குப் போன் போட்டேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. கப்பி, கயிறு எல்லாம் விளக்கி இரண்டாம் தடவை சொன்னேன். திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார். எழுத்தில் கொண்டுவரச் சொன்னார். மற்ற ஊர்களில் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டதாக மாலையில் செய்தி வந்தது.

மே 25, ஞாயிறு

மாசானம் காலையில் வந்து கலங்கிப்போய் நின்றார். "நீங்க சும்மா இருந்திருக்கலாமே மேடம்" என்றார். அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொன்னபடிதான் முள்ளை நிறுத்தினார் என்று எழுதி வைத்திருப்பதைக் காட்டினேன். படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். கருப்பட்டி கொண்டுவந்த பெண்ணை வழியில் பார்த்தேன். பார்க்காததுபோல் போனாள்.

மாலையில் செல்லக்கனி வீட்டுக்குப் போனேன். யார் வழியாகவோ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கை நிற்கவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது.

"கால் தண்ணிதான்னு அம்மாட்ட சொன்னது நீங்கதான?"

"ஆமா."

"அவ நம்புனா."

"ஆமா."

நான் எழுந்தேன். வாசல் தாண்டும்போது கூப்பிட்டாள்.

"அந்தச் சேலை ரெண்டையும் கொண்டாந்து குடுத்திருங்க. அம்மா கடைசியாத் தேச்சது. உங்கட்ட இருக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். செய்தித்தாளைக்கூடப் பிரித்திருக்கவில்லை. மடிப்பு அப்படியே இருந்தது. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. கட்டிப் போக வேண்டிய சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். அதைத் தேய்க்காமல்தான் கட்ட வேண்டும்.